ஊராட்சிக் கணக்கு இணையத்தில் இருக்கிறது, ஊருக்கு எப்படிக் கொண்டுபோவது?

1 | ஏரிக்கரையான் | 3 ஆகஸ்ட் 2025

எல்லோருக்கும் வணக்கம். சென்னையில் வேலை, சொந்த ஊர் செய்யாறு பக்கம். ஊராட்சியின் பெயரை இங்கே சொல்லப் போவதில்லை.

போன வாரம் மத்திய அரசின் இ-கிராம் ஸ்வராஜ் தளத்தில் எங்கள் ஊராட்சியைத் தேடிப் பார்த்தேன். மாநிலம், மாவட்டம், ஒன்றியம், ஊராட்சி என்று ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்தால், மத்திய அரசு தரும் 15ஆவது நிதிக்குழு மானியம் எவ்வளவு வந்தது, எந்தத் தேதியில் எந்த வேலைக்கு எவ்வளவு போனது என்று வரிசையாக வருகிறது. கடவுச்சொல் வேண்டாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். 2020 ஏப்ரல் 24இல் தொடங்கிய தளம் இது. எங்கள் ஊரில் இதைத் திறந்து பார்த்த ஒருவரைக்கூட எனக்குத் தெரியாது. எனக்கே இப்போதுதான் தெரியும்.

பார்த்ததில் பாதி புரியவில்லை. எல்லாம் ஆங்கிலம். அதிலும் தெருப் பெயர்களை ஆளுக்கொரு விதமாக அடித்திருக்கிறார்கள். எங்கள் கீழத்தெரு மட்டும் மூன்று எழுத்துக்கூட்டலில் வருகிறது. மூன்றும் ஒரே தெருவா, ஒரே தெருவில் மூன்று முறை வேலை நடந்ததா என்று தளத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. குடிநீர்ப் பராமரிப்பு என்ற ஒரே தலைப்பில் ஏழெட்டுச் செலவு. எந்தக் குழாய், எந்த மோட்டார் என்று இல்லை.

அப்புறம் ராத்திரி அம்மாவுக்கு போன் போட்டு வரி வரியாகப் படித்துக் காட்டினேன். அம்மா ஐந்தாவது வரை படித்தவர். நான் இரண்டு மணி நேரம் முட்டிக்கொண்டிருந்த பட்டியலை இருபது நிமிடத்தில் பிரித்துவிட்டார். "இது பால் சொசைட்டி பக்கத்துல போட்ட பைப்பு, அது நடந்துச்சு. இது ஸ்கூல் கக்கூஸு, கதவு இன்னும் மாட்டல. இந்த மோட்டாரைப் போன ஆடியில கழட்டிட்டுப் போனாங்க, திரும்பி வரவே இல்லையே" என்று சொல்லிக்கொண்டே போனார்.

அன்றிலிருந்து இது மனதை விட்டுப் போகவில்லை. என் அம்மாவைப் போல் நூறு பேர் உட்காரும் இடம் கிராம சபை. 15ஆம் தேதி இந்தப் பட்டியலை அங்கே கொண்டுபோக நினைக்கிறேன். எப்படிக் கொண்டுபோவது, எதைக் கேட்பது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

2 | பழைய ஓவர்சியர் | 4 ஆகஸ்ட்

தம்பி, பட்டியலைக் கையில் பிடித்துக்கொண்டு "திருட்டு" என்ற சொல்லோடு சபைக்குப் போகாதீர்கள். 31 வருடம் பஞ்சாயத்து யூனியனில் வேலை பார்த்தவன் சொல்கிறேன். அந்தச் சொல் விழுந்த நிமிடத்தில் எல்லோரும் பைலை மூடிவிடுவார்கள். மூடிய பைலை அன்றைக்கு யாராலும் திறக்க முடியாது.

பணம் போகும் வழி தெரிந்தால் எங்கே கேட்பது என்று தெரியும். ஒரு வேலைக்கு எஸ்டிமேட் போடுவார்கள், நிர்வாக அனுமதி வரும், வேலை உத்தரவு கொடுப்பார்கள். வேலை முடிந்ததும் ஓவர்சியர் அளந்து எம்-புக்கில், அதாவது அளவுப் புத்தகத்தில், எழுதுவார். மேலதிகாரி வந்து மறு அளவை பார்க்க வேண்டும். அதன் பிறகுதான் பில். முன்பு தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து செக்கில் கையெழுத்துப் போட்டார்கள். இப்போது கணினியில் டாங்கிளை (பென் டிரைவ் மாதிரி ஒரு சின்னக் கருவி) சொருகி டிஜிட்டல் கையெழுத்து, பணம் நேரே வேலை செய்தவரின் வங்கிக் கணக்குக்குப் போகிறது.

இதில் நல்லது நடந்திருக்கிறது, அதைச் சொல்லாமல் விட மாட்டேன். என் காலத்தில் வெற்றுச் செக்கில் கையெழுத்து வாங்கி வைத்திருந்த ஊராட்சிகளைப் பார்த்திருக்கிறேன். தனித் தொகுதியில் ஜெயித்த தலைவரம்மாவின் செக் புத்தகம் வேறு யாரோ ஒருவர் வீட்டுப் பீரோவில் இருக்கும். அந்தம்மா எதிரில் உட்கார்ந்தால்கூடச் சிலருக்குப் பொறுக்காது. டாங்கிள் வந்த பிறகும், அது யார் சட்டைப் பையில் இருக்கிறது என்ற கேள்வி முடிந்துவிடவில்லை. இப்போது உங்கள் மாவட்டத்தில் அந்தக் கேள்விக்கே இடமில்லை. 28 மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு முடிந்து, நிர்வாகம் அரசு நியமித்த தனி அலுவலர்கள் கையில் இருக்கிறது. தேர்தலில் நின்று பதில் சொல்ல வேண்டிய ஆள் இல்லாத நேரம் இது. அதனால் கணக்கைக் கேட்பது இப்போது இன்னும் அவசியம்.

நீங்கள் தளத்தில் பார்ப்பது கடைசிப் படி. தொகை தெரியும், அளவு தெரியாது. சிமெண்ட் ரோட்டின் நீளத்தை நடந்து பார்க்கலாம், அகலத்தைக் கயிறு போட்டுப் பார்க்கலாம். கனம் கண்ணுக்குத் தெரியாது. 15 சென்டிமீட்டர் என்று எழுதி 10 சென்டிமீட்டர் போட்டால் மூன்றில் ஒரு பங்கு கான்கிரீட் எங்கே போனது என்று எந்தத் தளமும் சொல்லாது. எம்-புக் நகலும் எஸ்டிமேட்டும் கேளுங்கள். அந்த இரண்டும் இல்லாமல் தொகையை மட்டும் வைத்துப் பேசினால் அரை மணி நேரத்தில் உங்களைக் குழப்பிவிடுவார்கள்.

3 | பைத்தான் பாண்டி | 4 ஆகஸ்ட்

அண்ணா, தரவை நான் எடுத்துத் தருகிறேன். ஒரு நிரல் எழுதினால் தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் செலவுச் சீட்டுகளை இழுத்துவிடலாம். ஒரே மாதிரி தொகை, ஒரே நாளில் பல பில், மார்ச் 31க்கு முந்தின வாரத்தில் குவியும் பணம் என்று சந்தேகமான இடங்களைத் தானாகச் சிவப்பில் காட்டும்படி ஒரு பலகை செய்யலாம்.

இன்னொரு யோசனையும் இருக்கிறது. எம்-புக்கையே பிளாக்செயினில் போட்டால்? ஒரு தடவை எழுதியதை யாராலும் திருத்த முடியாது. ஓவர்சியர் ஐயா என்ன நினைக்கிறீர்கள்?

4 | பழைய ஓவர்சியர் | 4 ஆகஸ்ட்

பாண்டி தம்பி, உங்கள் ஆர்வம் சந்தோஷம். ஆனால் நான் பார்த்த பொய்களில் பின்னால் திருத்தியது குறைவு. அளக்கும்போதே பொய்யாக எழுதியது அதிகம். 10 என்று அளந்து 15 என்று எழுதினால், நீங்கள் சொல்லும் தொழில்நுட்பம் அந்த 15ஐத்தானே பத்திரமாகக் காப்பாற்றும்?

5 | கலா (பணித்தளம்) | 5 ஆகஸ்ட்

100 நாள் வேலையில் பணித்தளப் பொறுப்பாளராக இருக்கிறேன். ஊரும் மாவட்டமும் வேண்டாம். இந்தப் பேச்சைப் படித்ததும் எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது.

வேலைக்கு வந்தவர்களைப் படம் எடுத்து வருகை போட எங்களுக்கு ஒரு செயலி கொடுத்திருக்கிறார்கள், என்.எம்.எம்.எஸ். 2021இல் வந்தது. 2022 மே மாதம் 20 பேரோ அதற்கு மேலோ இருக்கும் வேலைக்குக் கட்டாயம் என்றார்கள், 2023 ஜனவரி 1 முதல் கிட்டத்தட்ட எல்லா வேலைக்கும் கட்டாயம். காலையில் ஒரு படம், நான்கு மணி நேரம் கழித்து இன்னொரு படம். வேலை சீக்கிரம் முடிந்தாலும் இரண்டாவது படத்துக்காக எழுபது வயது ஆயாக்கள் வெயிலில் உட்கார்ந்திருப்பார்கள். எங்கள் ஏரிக்குள் சிக்னல் கிடையாது. படம் எடுத்துவிட்டுக் கரை மேல் ஏறி, கோயில் வரை நடந்து போய் ஏற்ற வேண்டும். ஒரு நாள் படம் ஏறவில்லை. அன்றைக்கு மண் வெட்டியவர்களுக்கு ஆப்சென்ட் விழுந்தது. எல்லோரும் என் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். அவர்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. நான் என்ன பதில் சொல்வது?

ஊழலைத் தடுக்கத்தான் இந்தப் படம் என்று சொன்னார்கள். போன மாதம் 8ஆம் தேதி மத்திய அமைச்சகமே ஒரு சுற்றறிக்கை விட்டிருக்கிறது. சம்பந்தமில்லாத படங்களை ஏற்றுகிறார்கள், படத்தையே படம் எடுத்து ஏற்றுகிறார்கள், படத்தில் இருக்கும் ஆட்கள் எண்ணிக்கையும் வருகைப் பதிவும் ஒத்துப்போகவில்லை, ஒரே ஆள் பல மஸ்டர் ரோலில் (வருகைப் பட்டியலில்) வருகிறார் என்று எல்லாம் அதில் இருக்கிறது. இனி ஊராட்சி அளவில் எல்லாப் படங்களையும் ஆள் உட்கார்ந்து சரிபார்க்க வேண்டுமாம். ஏமாற்ற நினைத்தவர் வழி கண்டுபிடித்துவிட்டார். ஒழுங்காக வேலை செய்தவளுக்குத்தான் சிக்னல் கிடைக்காமல் கூலி போனது.

இன்னொன்று. நாங்கள் எத்தனை மணிக்கு வந்தோம் என்று நிமிடக் கணக்கில் பார்க்கிறார்கள். எங்கள் கூலி எத்தனை நாள் தாமதமானது என்று அதே கணினி ஏன் ஒழுங்காக எண்ண மாட்டேன் என்கிறது? சட்டப்படி 15 நாளில் கூலி வர வேண்டும். தாமதமானால் ஒவ்வொரு நாளுக்கும் 0.05 சதவீதம் நஷ்டஈடு. 2025-26இல் கூலி 336 ரூபாய். ஆறு நாளுக்கு 2,016 ரூபாய் என்று வைத்தால் ஒரு நாள் தாமதத்துக்கு ஒரு ரூபாய். அந்த ஒரு ரூபாயைக்கூடக் கணக்குப் போடுவதில் ஒரு கோடு கிழித்திருக்கிறார்கள். நம் பக்கம் பணப் பரிமாற்ற உத்தரவு தயாராகும் வரைதான் தாமதம் என்று எண்ணுவார்கள். அதன் பிறகு மத்திய அரசிடம் பணம் இல்லாமல் எத்தனை மாதம் கிடந்தாலும் அது தாமதத்தில் சேராது. 2018 மே மாதம் உச்ச நீதிமன்றம் இதைத் தவறு என்று சொல்லி, உத்தரவுக்குப் பிறகான இந்த இரண்டாவது கட்டத் தாமதத்துக்கும் அரசு பொறுப்பு என்றது. இந்த வருடத் தொடக்கத்தில் தமிழ்நாடு முழுக்க மாதக்கணக்கில் கூலி நின்றதே, யாருக்காவது அதற்கு நஷ்டஈடு வந்ததா? எங்கள் ஊரில் ஒருவருக்கும் வரவில்லை.

கேமராவை எந்தப் பக்கம் திருப்பி வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள் என்பதுதான் நான் கேட்பது. மண்வெட்டி பிடித்தவள் பக்கம் ஒரு நாளைக்கு இரண்டு தடவை திரும்புகிறது. பில் போட்டவர் பக்கம் எத்தனை தடவை திரும்புகிறது?

6 | ஏரிக்கரையான் | 5 ஆகஸ்ட்

கலா அக்கா, இதைப் படித்த பிறகு என் கேள்வியே மாறிவிட்டது. நான் தளத்தைத் தமிழில் மாற்றினால் போதும் என்ற எண்ணத்தில் இருந்தேன். நன்றி.

7 | அஜ்மீரில் இருந்தவன் | 6 ஆகஸ்ட்

வங்கி வேலையில் ஆறு வருடம் ராஜஸ்தானில் இருந்தேன். கலா சொன்னதற்கு அங்கே ஒரு பழைய தொடர்ச்சி இருக்கிறது, அதைச் சொல்கிறேன்.

1990இல், இன்றைய ராஜ்சமந்த் மாவட்டத்தில் தேவ்துங்கிரி என்ற சின்ன ஊரில், மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற அமைப்பு தொடங்கியது. அருணா ராய், நிகில் டே, சங்கர் சிங் ஆகியோர் முன்னால் நின்றவர்கள். அருணா ராய் சென்னையில் பிறந்த தமிழ்ப் பெண், ஐ.ஏ.எஸ். பதவியை விட்டுவிட்டுப் போனவர். பஞ்சத்தில் வாடும் ஊர்களில் அரசு நிவாரண வேலை நடக்கும். குறைந்தபட்சக் கூலி கொடுக்க மாட்டார்கள். கேட்டால் "நீ அவ்வளவு வேலை செய்யவில்லை, பதிவேட்டில் அப்படித்தான் இருக்கிறது" என்பார்கள். அந்தப் பதிவேட்டைக் காட்டு என்றால், அரசு ரகசியம்.

1994 டிசம்பரில் பாலி மாவட்டத்தில் கோட் கிரானா என்ற ஊரில் முதல் ஜன் சுன்வாய், அதாவது மக்கள் விசாரணை, நடந்தது. எப்படியோ கிடைத்த மஸ்டர் ரோலையும் பில்லையும் ஊர் நடுவில் உரக்கப் படித்தார்கள். வேலைக்கு வராதவர் பெயர், ஊரை விட்டுப் போனவர் பெயர், செத்துப் போனவர் பெயர் எல்லாம் கூலி வாங்கியதாக இருந்தது. படிக்கத் தெரியாத மக்கள்தான் கேட்டுக் கேட்டுப் பிழை கண்டுபிடித்தார்கள். ஏரிக்கரையானின் அம்மா போனில் செய்த அதே வேலை. 1996 ஏப்ரலில் பியாவரில் 40 நாள் தர்ணா நடந்தது. "எங்கள் பணம், எங்கள் கணக்கு" என்ற கோஷம் அந்த இயக்கத்துடையது. 2005ஆம் வருடத் தகவல் உரிமைச் சட்டம் அங்கிருந்து கிளம்பிய பாதையில் வந்தது. நம் தமிழ்நாடு 1997இலேயே ஒரு தகவல் உரிமைச் சட்டம் போட்டது, ஆனால் அதில் விலக்குகள் நிறைய.

அதே ராஜஸ்தானில் 2019 செப்டம்பர் 13இல் ஜன் சூச்னா என்ற இணையதளம் வந்தது. ரேஷன், 100 நாள் வேலை, ஓய்வூதியம் எல்லாம் ஊர் வாரியாக, கடை வாரியாகத் தெரியும். மனு போடாமலே அரசு தானாக வெளியிட வேண்டும் என்ற, தகவல் உரிமைச் சட்டத்தின் 4ஆவது பிரிவை நடைமுறைக்குக் கொண்டுவரும் முயற்சி. என் கிளைக்கு வரும் ஒரு அம்மா, பக்கத்து இ-மித்ரா கடையில் (அரசு சேவை மையம்) பத்து ரூபாய் கொடுத்து ரேஷன் விவரத்தை எடுத்துக்கொண்டு வந்து என்னிடம் படித்துக் காட்டச் சொன்னார். தான் வாங்காத இரண்டு மாதக் கோதுமை வாங்கியதாக அதில் இருந்தது. அந்தத் தாளை முந்தானையில் முடிந்துகொண்டு நேரே கடைக்குப் போனார். கோதுமை கிடைத்தது.

ஆனால் ஒன்றை கவனியுங்கள். அந்தத் தளத்தில் என்ன இருக்க வேண்டும், எந்தச் சொல்லில் இருக்க வேண்டும் என்று அதிகாரிகள் மட்டும் உட்கார்ந்து முடிவு செய்யவில்லை. இருபது வருடம் ஊர் ஊராக மஸ்டர் ரோல் படித்தவர்கள் கூடவே உட்கார்ந்து கேட்டார்கள். அதனால்தான் ஒரு ரேஷன் அட்டைதாரருக்கு என்ன தெரிய வேண்டுமோ அது முதல் பக்கத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது.

8 | பைத்தான் பாண்டி | 6 ஆகஸ்ட்

இரண்டு நாளாக யோசித்தேன். 12,525 ஊராட்சிப் பலகையைத் தள்ளி வைக்கிறேன். அண்ணனின் ஒரு ஊராட்சிக்கு மட்டும் பட்டியலை எடுத்து, வேலை வாரியாகப் பிரித்து, தமிழில், பெரிய எழுத்தில், இரண்டு பக்கத்தில் அடித்துத் தருகிறேன். தெருப் பெயரை அம்மா சொன்னபடி போடுகிறேன். தளத்தின் எழுத்துக்கூட்டலையும் கீழே சின்னதாக வைக்கிறேன், சரிபார்க்க வேண்டுமே.

ஒரு வருத்தம். சில விவரங்கள் பிடிஎஃப் ஆக, அதுவும் ஸ்கேன் செய்த படமாக இருக்கின்றன. அதில் உள்ள எண்களை என் நிரல் ஒழுங்காகப் படிக்கவில்லை. கையால்தான் அடித்தேன். கணினியில் தட்டிய கணக்கை அச்சடித்து, அதைப் படம் எடுத்து, மறுபடி கணினியில் ஏற்றுகிறார்கள். இதை மாற்றச் செலவே இல்லை.

9 | வார்சா வாசி | 7 ஆகஸ்ட்

போலந்தில் வேலை பார்க்கிறேன். அலுவலகத்தில் உக்ரைனியர்கள் நிறைய. அவர்கள் பெருமையாகச் சொல்லும் விஷயம் புரோசோரோ. 2014 போராட்டத்துக்குப் பிறகு தன்னார்வலர்கள் சேர்ந்து உருவாக்கிய டெண்டர் தளம். 2015 பிப்ரவரியில் சோதனையாகத் தொடங்கி, 2016 ஆகஸ்ட் 1 முதல் எல்லா அரசு அமைப்புகளுக்கும் கட்டாயமானது. ஏலம் முடிந்ததும் யார் என்ன விலை சொன்னார், யாரை எதற்காக நிராகரித்தார்கள் என்று யாரும் பார்க்கலாம். அதன் மேல் டோசோரோ என்று குடிமக்கள் புகார் சொல்லும் இன்னொரு தளம் வைத்திருக்கிறார்கள்.

போர் வந்ததும் ராணுவக் கொள்முதலை மூடினார்கள், பாதுகாப்பு காரணம். 2023 ஜனவரியில் ஒரு பத்திரிகையாளர், ராணுவத்துக்கு முட்டை ஒன்று 17 ஹ்ரிவ்னியாவுக்கு (உக்ரைன் நாணயம்) ஒப்பந்தம் போட்டதை வெளியிட்டார். கீவ் கடையில் அப்போது 7 ஹ்ரிவ்னியா. துணை அமைச்சர் பதவி விலகினார். பிறகு, போர் நடக்கும்போதே, உணவு மாதிரிப் பொருட்களின் விலையை வெளியிட வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். முட்டை விலை எல்லோருக்கும் தெரியும், அதனால் அந்த எண் எல்லோரையும் சுட்டது. நம் பட்டியலிலும் ஒரு எல்.இ.டி. பல்பு, ஒரு மூட்டை பிளீச்சிங் பவுடர் என்று ஊரார் கடையில் வாங்கிப் பழகிய பொருளின் விலையை முன்னால் வையுங்கள்.

10 | மனுதாரர் | 8 ஆகஸ்ட்

தகவல் உரிமை மனு போட்டுப் பழகியவன். மூன்று விஷயம் சொல்கிறேன்.

பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி மனு போட்டால் 30 நாளில் பதில் வர வேண்டும். கிராம சபைக்கு முன் வராது, ஆனாலும் இன்றே போடுங்கள். பலருக்குத் தெரியாத ஒன்று: தகவல் உரிமைச் சட்டத்தின் 2(ஜெ) பிரிவில் தகவல் உரிமை என்றால் தாள் மட்டும் கிடையாது. வேலை நடந்த இடத்தை ஆய்வு செய்யவும், பயன்படுத்திய பொருளின் சான்றிட்ட மாதிரியை எடுக்கவும் உரிமை இருக்கிறது. ஓவர்சியர் ஐயா சொன்ன ரோட்டுக் கனத்துக்கு இதைப் பயன்படுத்தலாம்.

அடுத்து, 100 நாள் வேலைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு சமூக தணிக்கையை கிராம சபையிடம் கொடுத்திருக்கிறது. தமிழ்நாட்டில் இதற்கென்று தனிச் சங்கமே இருக்கிறது. தணிக்கை அறிக்கையில் எழுதிய ஆட்சேபணைகள் என்ன ஆயின என்று கேளுங்கள். அறிக்கை வருகிறது, பணத்தைத் திரும்ப வசூலிப்பது பெரும்பாலும் நடப்பதில்லை.

மூன்றாவது கவலை. 2023 ஆகஸ்டில் நிறைவேறிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 44(3) பிரிவு, தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜெ) பிரிவைத் திருத்துகிறது. திருத்தத்துக்கு முன், தனிப்பட்ட தகவலாக இருந்தாலும் அந்தப் பிரிவிலேயே பொதுநலன் இருந்தால் கொடுக்கலாம் என்ற வழி இருந்தது. திருத்தத்தின்படி "தனிப்பட்ட தகவல்" என்ற ஒரே சொல்லில் மறுக்கலாம். மஸ்டர் ரோலில் இருக்கும் பெயர் தனிப்பட்ட தகவல் என்று சொல்லிவிட்டால் கோட் கிரானாவில் நடந்தது இனி எப்படி நடக்கும்?

11 | கலா (பணித்தளம்) | 8 ஆகஸ்ட்

மனுதாரர் சார், அந்தக் கவலை எனக்கும் உண்டு. ஆனால் இன்னொரு பக்கமும் பாருங்கள். எங்கள் பெண்களின் பெயர், கணவர் பெயர், சாதிப் பிரிவு, எத்தனை நாள் வேலை, எவ்வளவு கூலி எல்லாம் உலகமே பார்க்கும்படி கிடக்கிறது. எங்கள் ஊரில் ஒருவருக்குக் கூலி ஏறியது தெரிந்து, கடன் கொடுத்தவர் அன்று மாலையே வாசலில் வந்து நின்றார். யாருக்கு வேலை கிடைத்தது என்று ஊருக்குத் தெரியட்டும், சபையில் படிக்கட்டும். ஊராருக்குத் தெரிவது வேறு, எங்கேயோ இருக்கிற ஒருவர் செல்போனில் எடுத்து வைத்துக்கொள்வது வேறு. காண்டிராக்டர் பெயருக்கும் பில்லுக்கும் எந்த மறைப்பும் வேண்டாம். அவர் அரசோடு வியாபாரம் செய்கிறார்.

12 | மனுதாரர் | 8 ஆகஸ்ட்

இதை நான் இப்படி யோசித்ததில்லை, அம்மா. சாதிப் பிரிவு வெளியே தெரிய வேண்டியதில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். பெயர் விஷயத்தில் இன்னும் எனக்குத் தயக்கம் இருக்கிறது. பெயர் இல்லாவிட்டால் செத்தவர் கணக்கு வெளியே வராது.

13 | ஏரிக்கரையான் | 17 ஆகஸ்ட்

நடந்ததைச் சொல்கிறேன்.

பாண்டி தம்பி அடித்துக் கொடுத்ததை அம்மாவும் பள்ளி டீச்சர் ஒருவரும் நானும் சேர்ந்து ஆறு சார்ட் தாளில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதினோம். சபை பள்ளி மரத்தடியில். எங்கள் ஊராட்சியில் சபை செல்லுபடியாகக் குறைந்தது 100 பேர் வர வேண்டும். வழக்கமாக 100 நாள் வேலைக்காரர்களை வரவழைத்துக் கையெழுத்து வாங்கி ஒப்பேற்றுவார்கள். இந்த முறை சார்ட் ஒட்டுவதைப் பார்த்துத் தானாகவே கூட்டம் சேர்ந்தது. ஒன்றியத்திலிருந்து வந்த அலுவலரிடம் முன்னாலேயே போய், "குற்றம் சொல்ல வரவில்லை சார், செலவை ஊருக்குப் படிக்க அனுமதி வேண்டும்" என்று கேட்டேன். ஓவர்சியர் ஐயா சொன்ன அந்த ஒரு வார்த்தை காப்பாற்றியது.

எல்லோரும் வரவேற்கவில்லை. "சென்னையில உட்கார்ந்துகிட்டு எங்களுக்குக் கணக்குச் சொல்லித் தர்றியா" என்று ஒருவர் எழுந்தார். நான் பதில் சொல்வதற்குள் அம்மா எழுந்து, "அவன் படிக்க மட்டும்தான் போறான், கேக்கப் போறது நாங்க" என்றார்.

மோட்டார் விஷயத்தில் ஊராட்சி செயலர் கொஞ்சம் கலங்கிப் போனார். காயில் கட்டக் கொடுத்த மோட்டார் டவுன் கடையிலேயே கிடக்கிறது. பணம் கொடுத்தாயிற்று, கொண்டுவர வண்டி வாடகைக்குத் தலைப்பு இல்லை என்று கிடப்பில் போட்டிருக்கிறார். பில்லைக் காட்டினார், சரியாகவே இருந்தது. மறுநாள் ஒருவர் தன் டிராக்டரில் போய் எடுத்து வந்தார். பள்ளிக் கழிப்பறைக் கதவு வேறு விதம். முழுத் தொகையும் போயிருக்கிறது, கதவு மாட்டவில்லை. எம்-புக்கில் கதவு எழுதியிருக்கிறதா என்று கேட்டோம். பதில் வரவில்லை. அளவுப் பதிவைப் பார்த்து எழுத்தில் பதில் தர வேண்டும் என்று தீர்மானப் புத்தகத்தில் எழுத வைத்தோம்.

கீழத்தெருவில் நான் தவறாக நினைத்திருந்தேன். மூன்றில் ஒன்று காலனியின் கீழத்தெரு. அங்கே கால்வாய் கட்டியது உண்மை, நானே போய்ப் பார்த்தேன். சபையிலேயே செயலரிடம் மன்னிப்புக் கேட்டேன். தளத்தில் காலனி என்ற ஒரு சொல் இருந்திருந்தால் அவர் மேல் சந்தேகமே வந்திருக்காது.

நான் எதிர்பார்க்காதது கடைசியில் நடந்தது. ஆறு சார்ட்டையும் படித்து முடித்ததும் காலனியிலிருந்து வந்த ஒரு அக்கா, "இதுல நம்ம பக்கத்துக்கு எத்தனை?" என்று கேட்டார். எண்ணிப் பார்த்தோம். இருபத்து மூன்று குடிநீர் வேலையில் காலனிக்கு இரண்டு. யாரும் ஒரு ரூபாய்கூட எடுக்காமலே இது நடந்திருக்கலாம், ஒவ்வொரு பில்லும் சுத்தமாக இருக்கலாம். நான் இரண்டு வாரம் அந்தப் பட்டியலில் திருட்டையே தேடிக்கொண்டிருந்தேன், இது என் கண்ணில் படவே இல்லை. கூட்டம் கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தது. 15ஆவது நிதிக்குழு மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும்தான் செலவு செய்ய வேண்டும். அதில் அடுத்து வரும் பணத்தில் முதல் வேலை காலனிக் குழாய் என்று தீர்மானம் போட்டிருக்கிறது. எதிர்த்தவர்களும் இருந்தார்கள், அதையும் பதிவு செய்தார்கள்.

14 | பழைய ஓவர்சியர் | 17 ஆகஸ்ட்

ரொம்ப நேரம் இதையே படித்துக்கொண்டிருந்தேன் தம்பி. அந்த இருபத்து மூன்றுக்கு இரண்டு என்பதை என் சர்வீஸில் எத்தனை ஊரில் நானே அளந்து எழுதியிருப்பேன் என்று நினைத்தால் சங்கடமாக இருக்கிறது. ஒவ்வொரு வேலையாக அளந்தேன், எல்லாவற்றையும் சேர்த்து ஒரு தடவையும் பார்க்கவில்லை.

ரோட்டைப் பற்றி எழுதவில்லையே?

15 | ஏரிக்கரையான் | 17 ஆகஸ்ட்

ரோட்டுக்கு எம்-புக் கேட்டு மனுதாரர் சொன்னபடி மனு போட்டிருக்கிறேன் ஐயா. கனத்தை எப்படிப் பார்ப்பது என்று தெரியவில்லை. துளை போடும் இயந்திரம் எங்களிடம் இல்லை.

16 | கலா (பணித்தளம்) | 19 ஆகஸ்ட்

நான் ஒன்று தொடங்கியிருக்கிறேன். இந்தத் திங்கட்கிழமை காலைப் படம் எடுத்து முடித்ததும், யாருக்கு எந்த வாரக் கூலி எந்த நிலையில் நிற்கிறது என்று தளத்திலிருந்து எழுதி வந்து ஏரிக்கரையில் படித்தேன். எத்தனை நாள் தாமதம் என்று நாங்களே ஒரு நோட்டில் எண்ணுகிறோம். உத்தரவு தயாரான பிறகு ஆகும் நாளையும் சேர்த்து. ஒரு ஆயா நேற்றும் இன்றும் வந்து "இன்னிக்கு எத்தனை?" என்று கேட்டார். நோட்டை அக்டோபர் 2 சபையில் வைப்போம்.

17 | பழைய ஓவர்சியர் | 19 ஆகஸ்ட்

ஏரிக்கரையான் தம்பி, இயந்திரம் வேண்டாம். வீட்டுக் குழாய் இணைப்புக்காக ரோட்டைக் குறுக்கே வெட்டிய இடம் எங்காவது இருக்கும், அங்கே விளிம்பில் கனம் தெரியும். இல்லாவிட்டால் ரோடு முடியும் ஓரத்தில் மண்ணைத் தோண்டிப் பார்க்கலாம். எம்-புக் நகல் வந்ததும் சொல்லுங்கள். செய்யாறுக்கு பஸ்ஸில் வந்துவிடுகிறேன், டேப் என்னிடம் இருக்கிறது.